கோவர் தீபகற்பத்தின் கடற்கரைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேல்ஸின் கோவர் தீபகற்பத்தில் உள்ள வோர்ம்ஸ் ஹெட் முனைக்கு நடந்து போய்வர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுவதற்கு முன், கடல் எப்போது வற்றுகிறது என்பதைப் பாருங்கள். ரொசிலி கிராமத்திலிருந்து அம்முனைக்குச் செல்லும் பாறைவழி, நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டரை மணி நேரம் பின்பு வரை மட்டுமே கடக்கத்தக்கதாக இருக்கும். மற்ற நேரங்களில் அம்முனை தனித் தீவு. கரையோரக் கண்காணிப்புக் குடிலில் அன்றைய நேரங்களை எழுதி வைத்திருப்பார்கள். தாண்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். பாசியும் சிப்பியும் படர்ந்த கூரிய பாறைகளில் திரும்பி வருவதற்குப் போனதைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதுண்டு. வழி மூழ்கிவிட்டால் நீந்திக் கரை சேர முயலாதீர்கள்; தீவிலேயே தங்கி அடுத்த வற்றத்துக்குக் காத்திருங்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள். பறவைகள் கூடு கட்டுவதால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அத்தீவின் கடைக்கோடியான வெளிமுனைக்குச் செல்லக் கூடாது.

மியூஸ்லேட் குடாவுக்குச் சென்றோம். மணலையே காணோம். வழி தவறிவிட்டோமா?

வழி சரிதான், வேளைதான் தவறு. நீர் ஏறியிருக்கும்போது மியூஸ்லேடில் மணல் முழுவதும் மறைந்துவிடும். கோவரை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாயில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாட்களில் அது உச்சத்தை எட்டும். ஏற்றம் சீராக நிகழ்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் வந்துவிடும். முதல் மணி நேரத்தின் மெதுவான நகர்வைப் பார்த்துத் தைரியம் கொள்பவர்களே பெரும்பாலும் பாறைமுனைகளுக்கு அப்பால் சிக்கிக்கொள்கிறார்கள். கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணைகள் சில கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்பட்டிருக்கும்; கோடையில் அவற்றோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும்.

த்ரீ கிளிஃப்ஸ் குடாவில் குழந்தைகள் குளிக்கலாமா?

மூன்று சுண்ணாம்புக்கல் கூர்முனைகள் வரிசையாக நிற்கும் அவ்விடம் கோவரின் அழகுக்கே அடையாளம் என்பேன். ஆனால் குழந்தைகளோடு குளிக்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பென்னார்ட் பில் என்னும் ஓடை மணலை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கிறது. அவ்வாய்ப் பகுதியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். கோடையில் உயிர்காப்பாளர்கள் பணியிலிருக்கும் கேஸ்வெல் அல்லது லாங்லண்ட் கரைக்குச் சென்று, சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கச் செய்யுங்கள்.

பாவிலேண்ட் குகையைக் காண முடியுமா?

முடியும், ஆனால் எளிதன்று. நீர் நன்கு வற்றியிருக்கும் குறுகிய நேரத்தில் பாறைகளில் தொற்றிச் செல்ல வேண்டும். பழக்கமில்லாதவர் முயல வேண்டாம். 1823-இல் நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லாண்ட் அங்கே கண்டெடுத்த, செங்காவி படிந்த எலும்புக்கூட்டை ரோமானியர் காலப் பெண்ணினுடையது எனக் கருதினார். அது ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளைஞனுடையது என்பது பின்னரே தெளிவாயிற்று. எலும்புகள் ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பதால், குகைக்குள் பார்க்க அதிகமில்லை.

ரொசிலி மணலில் தெரியும் மர விலா எலும்புகள் எவை?

1887 நவம்பரில் தரைதட்டிய நார்வே நாட்டுப் பாய்மரக் கப்பலான ஹெல்வெட்டியாவின் எஞ்சிய பகுதி அது. நீர் வற்றும்போது நன்றாகத் தெரியும்.