தொப்புள்கொடி விழாத குழந்தை கிடைக்குமா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பிறந்த குழந்தையைத் தத்தெடுக்க ஆசை. தெரிந்த நர்ஸ் ஒருவர், செலவுக்குப் பணம் கொடுத்தால் பிரசவமான அன்றே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சரியாக வருமா? - வாசகி, திருச்சி

வராதும்மா. அதற்குப் பெயர் விற்பனை. 2019இல் ராசிபுரத்தில் பிடிபட்டதும் இதுதான். இளைஞர் நீதிச் சட்டப்படி விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

முறைப்படி வரும் குழந்தைக்குத் தொப்புள்கொடி எப்போதோ விழுந்திருக்கும். பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு 60 நாள் அவகாசம். இந்த 60 நாளை நான் குறை சொல்லவே மாட்டேன். நாளைக்கு யாரும் வந்து உங்கள் கதவைத் தட்டாமல் இருப்பது அதனால்தான்.

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதியுங்கள். கைக்குழந்தை வேண்டுமென்றால் உங்கள் இருவர் வயதையும் கூட்டி 85ஐத் தாண்டக் கூடாது. அப்புறம் வீட்டைப் பார்க்க எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்கள் வருவோம். அதற்காக வெள்ளையடித்து வைத்தவர்கள் உண்டு; வேண்டாம். மாமியாரிடம் சொல்லியாச்சா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பிறகு காத்திருப்பு. மூன்று வருடங்களைத் தாண்டுவது சாதாரணம். திடீரென ஒருநாள் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நேரில் பார்க்கப் போகும்போது உங்கள் குழந்தை மருத்துவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

கூட்டிவரும் நாளில், இல்லத்தில் வளர்த்த ஆயாவோடு அரைமணி நேரம் உட்காருங்கள். என்ன பால்பவுடர், பாட்டிலா பாலாடையா, எப்படித் தூங்கவைப்பார் என்று கேளுங்கள். அது படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள், பழகிய வாசனை. சில குழந்தைகள் அழவே அழாது. “என்ன சமர்த்து!” என்பார்கள் சொந்தக்காரர்கள். அழுதாலும் யாரும் ஓடிவர மாட்டார்கள் என்று பழகியதாகவும் இருக்கலாம். தூக்கியே வைத்திருங்கள். ‘கைப்பழக்கம் ஆகிவிடும்’ என்ற பாட்டி பேச்சை இதில் மட்டும் கேட்காதீர்கள்.

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பெற்றோராக உங்கள் பெயர் வரும். அதன்பின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

நர்ஸ் சொல்லும் அந்தத் தாய் உண்மையிலேயே குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் இருக்கிறாள் என்றால், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை உங்களிடம்தான் வரும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கூப்பிடுங்கள்.