பெயின்டுக்குக் காத்திருக்கும் 190 எஸ்எல்: கேள்வி பதில்

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பட்டறையில் 1958 மெர்சிடிஸ் 190 எஸ்எல் ரோட்ஸ்டர் (இரண்டு பேர் அமரும் திறந்த கார்) ஒன்று பிரைமரோடு, அதாவது பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சோடு, நிற்கிறது. டிங்கர் வேலை முடிந்துவிட்டது. இன்ஜின் ஸ்டாண்டில், குரோம் சாமான்கள் பெட்டிகளில். அந்த வேலையில் நானும் ஒரு கை. வண்டியின் படத்தைப் பார்த்தவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில்.

கேள்வி: இது 300 எஸ்எல்லோட தம்பிதானே சார்?

300 எஸ்எல் மெர்சிடிஸின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அதோடு இதற்கு முகஜாடை மட்டும்தான். இரண்டையும் 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் சேர்த்துக் காட்டினார்கள். 300க்குக் குழாய்ச் சட்டம், ஆறு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன். இதுவோ 180 செடானின் அடித்தளத்தைக் குட்டையாக்கிக் கட்டியது, 1.9 லிட்டர், நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன். ரேஸ் வண்டி என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். காற்று வாங்கிக்கொண்டு ஓட்ட இதைவிடச் சுகமான வண்டி கிடையாது என்பேன்.

கேள்வி: பாடி வேலை முடிஞ்சாச்சு, பெயின்ட் அடிக்க என்ன தயக்கம்?

இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம், மற்றது இரும்பு. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் அந்தந்த வண்டிக்கென்று கையால் இழைத்துப் பொருத்தி, எண் குத்தியிருப்பார்கள். வேறு வண்டியின் பானெட்டைக் கொண்டுவந்தால் லேசில் உட்காராது. அதனால் ரப்பர் பீடிங், கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் வளையம், மடக்குக் கூரையின் சட்டம் எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். புது ரப்பர் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் கதவு வெளியே தள்ளி நிற்கும்.

அப்புறம், நிலையான மேற்கூரை இல்லாத வண்டி என்பதால் பாடி சற்று வளையும். ஸ்டாண்டில் சரியாக இருந்த கதவு இடைவெளி, இன்ஜினை ஏற்றிச் சக்கரத்தில் இறக்கியதும் மாறும். கடைசி அளவை அப்போதுதான் பார்க்க வேண்டும். பிறகு கழற்றிப் பெயின்ட். இரட்டிப்பு வேலைதான், ஆனால் புதுப் பெயின்டின் மேல் அரம் போடுவதைவிடத் தேவலை.

கேள்வி: இப்படிப் பாதியில் நிற்கும் வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பிரைமர் அடிப்பதற்கு முன் எடுத்த தளம், சில் (கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பு) படங்கள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன். பிரைமருக்கு அடியில் துரு இருக்கிறதா, வெறும் பட்டி இருக்கிறதா, யார் கண்டது? மெர்சிடிஸின் கிளாசிக் பிரிவிடம் அந்த வண்டியின் பிறப்பு விவர அட்டை வாங்கி, இன்ஜின் எண்ணை ஒப்பிடுங்கள். பெட்டிகளையும் திறந்து எண்ணுங்கள். சின்னச் சின்னக் குரோம் துண்டுகள்தான் பணத்தைத் தின்னும்.

கேள்வி: சோலெக்ஸைத் தூக்கிட்டு வெபர் கார்புரேட்டர் போடலாமே அண்ணே?

நிறையப் பேர் போட்டார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் வண்டியோடு வந்த கார்புரேட்டரான சோலெக்ஸின் மேல் பழி அதிகம். த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசியும், அடிப்பாகம் அதிகமாக முறுக்கியதில் வளைந்திருக்கும். இரண்டையும் சரிசெய்தால் ஐட்லிங் அமைதியாகிவிடும். வெபர் போட்டாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.

கேள்வி: எப்போ முடியும்? கலர்?

குரோம் வேலைக்குப் போன பாதி சாமான் திரும்பி வரட்டும், அப்புறம் தேதி சொல்கிறேன். நிறம் பிறப்பு விவர அட்டையில் உள்ளபடி, டிபி 180 என்ற நிற எண், வெள்ளிச் சாம்பல். உரிமையாளருக்குச் சிவப்பின் மேல் ஆசை இருந்தது, பேசிச் சரிக்கட்டியாகிவிட்டது.