கைக்குழந்தைக்கு உள்ளங்காலில் கொப்பளம், ராத்திரி முழுக்க அழுகை: சூடுதானா?

எட்டு மாதக் குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புக் கொப்பளம், ராத்திரியானால் அழுகை, வீட்டில் எல்லோரும் 'சூடு' என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. என் மகனுக்கும் இதே வயதில் இதேதான் வந்தது.

நான் டாக்டர் இல்லை. பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்லவும் மாட்டேன். எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் சாப்பாட்டில் கை வைத்தார்கள். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, தாய்ப்பால் வழியாகச் சூடு இறங்குகிறதாம். ஒரு மாதம் ரசமும் சோறும்தான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். நாட்டு மருந்தைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அரைத்ததே நான்தான்.

அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினோம். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. பத்தாம் நாள் வயிறு, அக்குள், தலை என்று பரவிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த க்ரீமாம் அது. இப்படிப்பட்ட பல க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு ஆணை போட்டிருக்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோல் டாக்டர் லென்ஸ் வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். "இங்கே பாரும்மா" என்று காட்டினார். நூல் போல வளைந்த ஒரு மெல்லிய கோடு, அதன் நுனியில் ஒரு புள்ளி. சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிய தடம். பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காதாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்துக்குக் கீழேதான் வரும், கைக்குழந்தைக்கு முகம், தலை, உள்ளங்கால் எங்கேயும் வரலாம் என்றார். அரிப்பு ராத்திரியில்தான் கூடும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

"வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?" என்று கேட்டார். கூட வந்திருந்த அத்தை மெல்ல, "எனக்கு இடுப்பில் ஒரு மாசமா இருக்கு" என்றார். பொங்கலுக்கு விடுதியிலிருந்து வந்த கொழுந்தனார் இடைவிடாமல் சொறிந்துகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஆறு பேரும் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ராத்திரியில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். குழந்தைக்குத் தலை, நகக்கண் உட்பட பூசினோம், கண்ணையும் வாயையும் மட்டும் விட்டுவிட்டு. நக்கிவிடாமல் இருக்க கையில் சாக்ஸ் மாட்டினேன். போர்வை, உடுப்பு, தூளி கட்டிய அத்தையின் பழைய சேலை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். மாமா மட்டும் "எனக்கு எதுக்கு" என்று அடம்பிடித்தார். அவரைச் சம்மதிக்க வைக்க அத்தை சாப்பிடாமல் உட்கார வேண்டியிருந்தது.

பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். பயந்துபோய் தினமும் க்ரீம் பூசாதீர்கள்.

அந்த வாரம் நான் கேட்ட இரண்டு நாள் லீவுக்கு, "சிரங்குக்கெல்லாமா லீவு?" என்றார் மேலாளர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் ஒரு மாதம் தூங்காத அம்மா எந்த நிலையில் கணக்கு எழுதுவாள் என்று அவருக்கு யார் சொல்வது?

காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து இருந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். எதுவானாலும் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். இதுவரை பூசிய ட்யூப்களைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் வீட்டில் ஒவ்வொருவரிடமும், ராத்திரியில் அரிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.