இரவல் மின்நூலும் எரியும் கண்ணும்

கேள்வி: எனக்கு வயது 52. நூலகத்திலிருந்து மின்நூல்களை இரவல் எடுத்து ஈ-ரீடரில் படிக்கிறேன். 14 நாளில் புத்தகம் தானாகவே மறைந்துவிடும் என்பதால், இரவில் படுத்தபடி இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் படிக்கிறேன். சில மாதங்களாகக் கண் எரிகிறது, நீர் வழிகிறது. கழுத்தும் இடது கட்டைவிரலின் அடியும் வலிக்கின்றன. ப்ராக்ரெஸிவ் கண்ணாடி அணிகிறேன். ஈ-ரீடர் கண்ணுக்கு நல்லது என்றுதானே வாங்கினேன்? பார்வை கெட்டுவிடுமா?

பதில்: கெடாது அம்மா, பயப்படாதீர்கள். ஈ-ரீடரில் படிப்பதால் கண் களைக்கும், எரியும், பார்வை போகாது. நீங்கள் வாங்கியதும் நல்ல பொருள்தான். அதன் விளக்கு எழுத்தின் மேல் விழுந்து, காகிதத்தில் படுவதுபோலத் திரும்பி வருகிறது. கைப்பேசித் திரையைப் போல நேராகக் கண்ணுக்குள் அடிப்பதில்லை. ஆனால், காகிதப் புத்தகத்தையே மூன்று மணி நேரம் விடாமல் படித்தாலும் கண் எரியத்தான் செய்யும்.

காரணம், இமைப்பது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். கதையில் மூழ்கிவிட்டால் அது பாதிக்கும் கீழே போய்விடும். அந்த இமைப்பும் பல நேரம் அரைகுறைதான். கண்ணின் மேல் படிந்திருக்கும் கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிகிறது. எரிச்சலைத் தணிக்கச் சுரப்பி மொத்தமாக நீரைக் கொட்டுகிறது. “நீர் வழிகிற கண்ணைப் போய் உலர்ந்த கண் என்கிறீர்களே” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அவசரத்தில் கொட்டும் அந்த நீர் கண்ணில் தங்காது, வழிந்துவிடும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு இந்த உலர்வு இன்னும் அதிகம்.

அதனால், ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் தலையை நிமிர்த்தி அறையின் மறுகோடியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பத்துத் தடவை இமைகளை முழுதாக மூடித் திறங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். இதற்கும் அடங்காவிட்டால், கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து உதவும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நிறுத்தியதும் சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பி வரலாம்.

கழுத்துவலிக்கு உங்கள் கண்ணாடி மேல்தான் எனக்குச் சந்தேகம். ப்ராக்ரெஸிவ் கண்ணாடியில் படிக்கும் பவர் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. படுத்துக்கொண்டு ஈ-ரீடரை முகத்துக்கு நேரே பிடித்தால், கண் தூரப் பார்வைக்கான பகுதி வழியாகப் பார்க்கும். எழுத்து மங்கும், உடனே நம்மையறியாமல் மோவாயைத் தூக்குவோம். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? படிப்பதற்கென்றே ஒரே பவர் உள்ள தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் ஈ-ரீடரை வைத்து, கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டிலேயே அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்கு அது 40 சென்டிமீட்டர் வரும். சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து அதன் மேல் ஈ-ரீடரை நிறுத்திப் படிப்பது படுத்துப் படிப்பதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்தைத் தயங்காமல் பெரிதாக்குங்கள். பக்கம் அடிக்கடி திருப்ப வேண்டியிருக்கிறதே என்று பலர் சிறிய எழுத்திலேயே படிக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு நாலைந்து சொல் இருந்தாலே போதும். இரவல் நூல் பிடிஎஃப் ஆக வந்தால் எழுத்து மட்டும் பெரிதாகாது. அப்போது திரையைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே நூல், எழுத்தைப் பெரிதாக்க இடம் தரும் ஈபப் (EPUB) வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தை அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப வையுங்கள். இரவில் மஞ்சள் கலந்த ஒளி இதமாக இருக்கும். நீலஒளித் தடுப்புக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் கட்டைவிரல். அதை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுளீரென்று வலித்தால், தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். சில வாரம் அந்தக் கையில் ஈ-ரீடரைப் பிடிக்காதீர்கள். அதன் பிறகும் வலித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

14 நாள் கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை இடைவெளியின்றிப் படிக்க வைப்பதே அதுதான். வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் பல நூலகங்களில் புதுப்பிக்கலாம். முன்பதிவு செய்த நூல்கள் ஒரே வாரத்தில் வந்து குவியாமல் தள்ளிப்போடும் வசதியும் பல செயலிகளில் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் போதும். முடிக்காமல் திரும்பிப் போனால் மறுபடி வரிசையில் நிற்கலாம்.

இவற்றில் சேராத சில அறிகுறிகள் உண்டு: கண்முன் திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, மின்னல் வெட்டுவது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, வலியோடு கண் சிவப்பது, திடீரென்று இரண்டிரண்டாகத் தெரிவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம்.