வியோனே பற்றிக் கேளுங்கள், ஷனேல் பற்றி வேண்டாம்

பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே (1876–1975) பற்றி வந்த கேள்விகள் இவை. நான் தையல் சொல்லிக்கொடுப்பவள். வெட்டும் துணியும் என்றால் விடிய விடியப் பேசுவேன்.

வியோனே அப்படி என்னதான் செய்தார், மேடம்?

ஒரு கைக்குட்டையை எடுங்கள். நூல் ஓடும் வாக்கில் இழுத்தால் அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள்: நீளும், நடுவில் ஒடுங்கும். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சேர்ந்த குட்டிச் சதுரங்கள் சாய்சதுரமாகச் சரிகின்றன. அந்தச் சரிவை நம்பி முழு கவுனையும் 45 பாகைச் சாய்வில் அமைத்தார். இடுப்பை இறுக்கும் கார்செட் உள்ளாடை இல்லாமலே துணி உடம்போடு வழிந்தது. பல கவுன்களைத் தலைவழியே மாட்டினால் போதும். சாய்த்து வெட்டினால் துணி ஏகத்துக்கும் தின்னும். அதனால் வழக்கத்தைவிட அகலமான கிரேப் துணியைச் சொல்லி நெய்யவைத்தார். தாளில் வரைந்து தொடங்கும் பழக்கமும் இல்லை. ஏறக்குறைய 80 செ.மீ. மரப்பொம்மையில் துணியைச் சுற்றி, ஊசி குத்திப் பார்த்த பிறகே ஆள் அளவுக்குப் போவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிராஸில், அதாவது இப்படிச் சாய்வாக வெட்டித் தைத்ததும் ஓரம் மடிக்காதீர்கள். ஒரு நாளாவது தொங்கட்டும்.

நம்ம கிராஸ் கட் ரவிக்கையும் இவர் வழிதானா?

அப்படிச் சொல்ல முடியாது. அதில் முன்பக்கத் துண்டு மட்டும்தான் சாய்வு. துணி இழுபடும் கணக்கு ஒன்றே.

அதே காலத்து வடிவமைப்பாளர் ஷனேல் பெரியவரா, இவரா?

ஷனேல் பற்றி இது மூன்றாவது கேள்வி. அடுத்தது.

கிராஸை இவர் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. காலர், பைப்பிங் எல்லாம் முன்பே அப்படித்தான் வெட்டினார்கள்.

கண்டுபிடித்தார் என்று நான் எங்கே சொன்னேன்? ஓரத்துக்கு வைத்த பட்டியை உடையாகவே ஆக்கினார் என்கிறேன்.

பாவாடையையும் முன்பே கிராஸில் தைத்திருக்கிறார்களே?

தைத்தார்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இடுப்பில் பட்டி போட்டு நிறுத்திய பாவாடை. வியோனேயிடம் தோளிலிருந்து கணுக்கால் வரை அந்தத் துணியேதான் தாங்குகிறது. நீங்களே ஒன்று தைத்துப் பாருங்கள், பிறகு சண்டை போடலாம். தொங்கவிட மறக்காமல்.

நகலெடுப்பவர்களை எப்படிச் சமாளித்தார்?

லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு உடையையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து ஆல்பமாக்கினார். 1952-இல் ஆல்பங்களையும் உடைகளையும் கொடையாகக் கொடுத்துவிட்டார். இப்போது பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முதலாளியாக எப்படி?

சிறுமியாகவே தையல் வேலைக்குப் போனவர். 1912-இல் சொந்தக் கடை. போரால் 1914-இல் மூடல். போர் முடிந்ததும் மறுபடி திறந்தார். 1923-இல் மோன்தேஞ் அவென்யூவுக்குப் போனபின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம், மருத்துவர், சம்பளத்தோடு விடுமுறை. அந்த விடுமுறை பிரான்ஸில் சட்டமானதே 1936-இல்தான். 1939-இல் நிறுவனத்தை மூடினார்.

ஜார்ஜெட்டில் கிராஸ் கவுன் தைத்தேன், ஓரம் ஒருபக்கம் இறங்கிவிட்டது. ஏன்?

மேலே இரண்டு தடவை சொல்லியாயிற்று.