14-ஆம் நம்பர் ஜெர்சி வாங்கலாமா?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த 2025 மார்ச்சில் எங்கள் ஊர் சீஹாக்ஸ் அணி சாம் டார்னால்ட் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவராம்) எடுத்ததிலிருந்து என் கணவருக்கும் 13 வயதுப் பையனுக்கும் சாப்பாட்டு மேஜையில் தினமும் தகராறு. "போன வருஷம் 14 மேட்ச் ஜெயிச்சவர்" என்கிறான் பையன். "முக்கியமான ரெண்டு மேட்ச்லயும் சொதப்பினவன்" என்கிறார் இவர். ஆகஸ்டில் பிறந்தநாள், டார்னால்ட் ஜெர்சிதான் வேண்டுமாம். வீட்டில் ஏற்கெனவே வில்சன், ஜீனோ ஸ்மித், மெட்காஃப் என்று மூன்று ஜெர்சி தொங்குகின்றன. மூன்று பேரும் இப்போது இந்த அணியில் இல்லை. இந்த ஆளாவது தேறுவாரா?
– ஒரு வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் நடந்ததுதான். போன 2024 சீசனில் டார்னால்ட் மின்னசோட்டா வைகிங்ஸுக்கு ஆடினார். 17 ஆட்டத்தில் 14 வெற்றி, பந்தை எறிந்து முன்னேற்றிய தூரம் 4,319 யார்டு, எறிந்ததில் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த 'டச்டவுன்' 35. பையன் கையில் இருப்பது இந்தக் கணக்கு. அப்புறம் கடைசி லீக் ஆட்டத்தில் டெட்ராய்ட் லயன்ஸிடம் 9-31, அடுத்த வாரமே பிளேஆஃபில் (தோற்றால் வெளியே போகிற சுற்று) ராம்ஸிடம் 9-27. உங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இரண்டை. ராம்ஸ் ஆட்டத்தில் டார்னால்டைப் பந்தும் கையுமாக ஒன்பது முறை தரையில் சாய்த்தார்கள். இதை 'சாக்' என்பார்கள். பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் அதைவிட அதிகமாக யாருமே சாய்க்கப்பட்டதில்லை.

இவர்கள் இரண்டு பேரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நொடி. அதற்குள் எதிரணி என்ன திட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, தன் ஆட்களில் யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்து, எறிந்துவிட வேண்டும். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்போல நின்று அந்த மூன்று நொடியை வாங்கிக் கொடுக்கிறார்கள். சுவர் நின்றால் சுமாரான ஆள்கூட நன்றாகத் தெரிவார். சுவர் இடிந்தால் நல்ல ஆளும் கோமாளிதான். சில பேருக்குச் சுவர் இடிந்தாலும் கை நடுங்காது. அப்படிப்பட்டவர்கள் எந்தக் காலத்திலும் நாலைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை.

டார்னால்ட் அந்த நாலைந்தில் சேர்த்தி இல்லை. அதற்கு அவருடைய கதையே சாட்சி. 2018 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், மூன்றாவது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. வயது 21. டெட்ராய்ட்டில் முதல் ஆட்டம், முதல் பாஸ், அதை எதிராளி பிடித்துக்கொண்டு நேராக ஓடி டச்டவுன் போட்டுவிட்டார். (பிடித்தவர் குவாண்ட்ரே டிக்ஸ். பின்னாளில் உங்கள் சியாட்டிலுக்கே வந்து சில வருஷம் ஆடினார். பையனிடம் சொல்லுங்கள், ரசிப்பான்.) அன்றைக்கு ஜெட்ஸ் 48-17 என்று ஜெயித்தது வேறு கதை. அடுத்த வருஷம் நியூ இங்கிலாந்துடன் ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஆட்டம். ஸ்கோர் 0-33, டார்னால்ட் எறிந்ததில் நான்கு எதிரணியின் கைக்குப் போனது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "பேய் பேயாகத் தெரிகிறது" என்று புலம்பினார். சட்டையில் மைக் இருந்தது. நாடே கேட்டது. ஆறு வருஷமாகியும் அந்த ஒரு வார்த்தை அவர் காலைச் சுற்றிக்கொண்டே வருகிறது.

ஜெட்ஸில் அவர் ஆரம்பித்து வைத்த 38 ஆட்டங்களில் 13 வெற்றி. 2021-இல் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டார்கள், அங்கும் சரிப்படவில்லை. 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராக் பர்டிக்கு மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார். என் கணக்கில் அவர் தொழில் கற்றுக்கொண்டது அந்த ஒரு வருஷத்தில்தான். அடுத்து மின்னசோட்டாவில் ஒரு வருஷத்துக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம். புதுப் பையன் மெக்கார்த்தி தயாராகும்வரை இடத்தைப் பிடித்து வைப்பதுதான் வேலை. மெக்கார்த்திக்கு முழங்காலில் அடிபட்டது. மீதி உங்களுக்குத் தெரியும்.

இப்போது சியாட்டிலுக்கு வருவோம். இங்கேதான் எனக்கே சிரிப்பு வருகிற ஒரு எண் இருக்கிறது. போன சீசனில் டார்னால்ட் எறிந்தது 4,319 யார்டு. அதே சீசனில் சியாட்டிலுக்காக ஜீனோ ஸ்மித் எறிந்தது 4,320. ஒரே ஒரு யார்டு வித்தியாசம்! அந்த ஜீனோவைத்தான் லாஸ் வேகஸுக்கு அனுப்பிவிட்டு இவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். டச்டவுனில் டார்னால்ட் எங்கேயோ முன்னால் நிற்கிறார், 35-க்கு 21. ஆனால் அவருக்குப் பந்து பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன் இருந்தார். அப்படி ஒருவர் இருந்தால் கோணலாகப் போன பந்துக்கும் மார்க் விழும். ஜீனோவோ 50 முறை சாக் ஆனார். அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு அணியை 10 வெற்றி, 7 தோல்வி வரை இழுத்து வந்தவர் அவர். ஜீனோவும் ஜெட்ஸில்தான் தொடங்கினார், அங்கே தேறாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர், சியாட்டிலில் 30 வயதுக்கு மேல் எழுந்து நின்றவர். டார்னால்டுக்கு வயது 28. ஆக, உங்கள் ஊர் இந்தப் படத்தை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது.

பணத்தையும் பார்க்கலாம், உங்கள் வீட்டுக்காரர் அதைத்தான் அடுத்துக் கேட்பார். மூன்று வருஷத்துக்கு 100.5 மில்லியன் டாலர், அதில் 55 மில்லியன் உறுதி. நமக்குத் தலை சுற்றும் தொகைதான். ஆனால் எந்த பர்டிக்கு இவர் மாற்று ஆளாக இருந்தாரோ, அந்த பர்டிக்கு இந்த மே மாதம் வருஷத்துக்கு 53 மில்லியன் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். டார்னால்டுக்கு வருவது வருஷத்துக்கு 33.5. இந்தச் சந்தையில் இது நடுத்தர விலை. சரிப்படாவிட்டால் சியாட்டில் கழற்றிவிடலாம், அடி விழும், குடி முழுகாது. குடி முழுகுவது எப்படி என்பதற்கு டென்வரைப் பார்க்கலாம். உங்கள் அலமாரியில் தொங்குகிற அதே ரஸல் வில்சனுக்காக 2022-இல் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் மூன்று ஆட்டக்காரர்களையும் சியாட்டிலுக்குக் கொடுத்தது டென்வர். முதல் வருஷம் 5 வெற்றி, 12 தோல்வி. இரண்டு வருஷத்தில் வில்சனை வெளியே அனுப்பியபோது அணியில் இல்லாத அவருக்காக 85 மில்லியன் டாலர் டென்வரின் சம்பளக் கணக்கில் சும்மா நின்றது. அவரோ சியாட்டிலுக்கு சூப்பர் பௌல் (சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் இறுதி ஆட்டம்) வாங்கிக் கொடுத்தவர். தேறுவாரா என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

நேரெதிர் உதாரணமும் இருக்கிறது. மேத்யூ ஸ்டாஃபோர்ட் டெட்ராய்ட்டில் பன்னிரண்டு வருஷம் ஆடி ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "பெரிய மேட்ச்சில் ஆகாதவர்" என்று அவரையும் சொன்னார்கள், உங்கள் வீட்டுக்காரர் டார்னால்டைச் சொல்வது மாதிரியே. 2021-இல் ராம்ஸுக்கு மாறிய முதல் சீசனிலேயே சூப்பர் பௌல். ஆளும் கையும் அதேதான், சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. பேட்ஸ்மேன் தனியாக நிற்பவர், அவருக்குப் பயம் இருக்கிறதா இல்லையா என்று முகத்திலேயே தெரிந்துவிடும். குவார்ட்டர்பேக்கை அப்படி அளந்தால் தப்பாகத்தான் வரும்.

என் தீர்ப்பு இதுதான்: நல்ல அணிக்குப் போதுமானவர், மோசமான அணியைத் தூக்கி நிறுத்த மாட்டார். சியாட்டில் எந்த ரகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பயிற்சியாளர் மைக் மெக்டொனால்ட் தடுப்பாட்டத்தில் கில்லாடி. ஆட்டத்திட்டம் போட வந்திருக்கும் கிளின்ட் குபியாக், 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டார்னால்டோடு இருந்தவர். இவருக்கு எது வரும், எது வராது என்று அவருக்குத் தெரியும். பந்து பிடிக்க போன சீசனில் 100 முறை பிடித்த ஸ்மித்-இன்ஜிக்பா இருக்கிறார். வாஷிங்டன் மாநிலத்து மண்ணின் மைந்தர் கூப்பர் கப்பும் வந்து சேர்ந்திருக்கிறார். என் சந்தேகமெல்லாம் அந்தச் சுவர்மேல்தான். முதல் சுற்றில் 18-ஆவதாக கிரே ஸேபல் என்ற இளைஞரை எடுத்திருக்கிறார்கள், அந்தச் சுவரில் 'கார்டு' என்கிற இடத்துக்கு. டார்னால்டின் சீசன் பாதி அந்தப் பையன் தோளில் இருக்கிறது.

அதனால் செப்டம்பர் 7-ஆம் தேதி, முதல் ஆட்டத்தன்று, அப்பா பிள்ளை இரண்டு பேருக்கும் ஒரு வேலை கொடுங்கள். எதிரணி வேறு யாரும் இல்லை, அதே சான் ஃபிரான்சிஸ்கோதான். பந்து டார்னால்ட் கைக்கு வந்ததும் வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரும்வரை நிம்மதியாக நிற்கிறாரா, இரண்டிலேயே ஓட ஆரம்பிக்கிறாரா என்று ஒரு காகிதத்தில் கோடு போடட்டும். மூன்று வரை நிற்க விட்டும் சொதப்பினால் உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்தார். நான்கைந்து ஆட்டம் போகட்டும், ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். உங்களுக்கும் ஆட்டம் கொஞ்சம் புரிய ஆரம்பிக்கும், அது என் சுயநலம்.

ஜெர்சி விஷயத்துக்கு வருகிறேன். டார்னால்டின் நம்பர் 14. மெட்காஃப் பிட்ஸ்பர்குக்குப் போனாரே, சியாட்டிலில் அவர் போட்டிருந்த நம்பரும் 14. ஆக, பையன் கேட்கிற சட்டையில் முக்கால்வாசி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. முதுகில் உள்ள பெயர் தைத்ததா, அச்சடித்ததா என்று எடுத்துப் பாருங்கள். தைத்ததாக இருந்தால் பிரித்துப் புதுப் பெயர் தைக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள், அளவு இன்னும் பொருந்தினால். அச்சடித்தது என்றால் பிறந்தநாளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்து அக்டோபர் வரை தாக்காட்டுங்கள்.