பண்ணை வீட்டை இடிக்க நகரசபை தடை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, போன வருடம் ரொறன்ரோவுக்கு வடக்கே 12 ஏக்கர் காணி வாங்கினோம். அதில் 1870களில் கட்டிய செங்கல் வீடு ஒன்று நிற்கிறது. அதை இடித்துவிட்டு, அம்மா அப்பாவோடு எல்லோரும் இருக்கக்கூடிய பெரிய வீடாகக் கட்டுவதுதான் எங்கள் திட்டம். இப்போது அதை மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்போவதாக நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இதே மாதிரி வீடு இந்த றோட்டிலேயே நாலைந்து இருக்கிறது, இதில் அப்படி என்ன பெறுமதி? வாங்கும்போது எங்கள் வழக்கறிஞரும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இடித்துவிட்டுத் தண்டத்தைக் கட்டினால் என்ன?
– வாசகர், ஒன்ராறியோ

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இடித்தால் தண்டம் 10 லட்சம் டொலர் வரை போகலாம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அறிவிக்கப்போகிறோம் என்ற அந்த அறிவித்தல் வந்த நாளிலிருந்தே வீட்டுக்குப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே இடிக்க அனுமதி வாங்கி வைத்திருந்தால்கூட அது இப்போது செல்லாது. கூரையை இரண்டு விண்டருக்கு அப்படியே திறந்து விடுங்கள், தானாக விழும் என்று யாராவது காதில் ஓதியிருப்பார்கள். நகரசபைகள் அதற்கும் பராமரிப்பு விதி போட்டுக்கொள்ளலாம், அந்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

உங்கள் வழக்கறிஞர் விஷயம். ஒரு வீடு முறைப்படி மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டால், அதற்காக நகரசபை நிறைவேற்றும் துணைவிதி (உள்ளூர்ச் சட்டம்) காணிப் பதிவில் ஏறும், தேடினால் தெரியும். ஆனால் அப்படி அறிவிக்கப்படாமல் நகரசபையின் மரபுரிமைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும் வீடு காணிப் பதிவில் வராது. உங்களுடையது இந்த இரண்டாவது வகையாக இருந்திருக்கலாம். "இடித்துக் கட்டத்தான் வாங்குகிறோம்" என்று அவரிடம் எழுத்தில் சொல்லியிருந்தீர்களா? சொல்லியிருந்தால் பேச இடமிருக்கிறது. இல்லையென்றால் அந்தச் சண்டையில் காசு கரைவதுதான் மிச்சம். நகரசபையிடம் நட்டஈடு கேட்கவும் முடியாது, சட்டம் அந்தக் கதவை மூடிவைத்திருக்கிறது.

இனி பெறுமதிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒன்றரை மாடி வீடு. நடுவில் கூரான முகப்பு, அதன் கீழே கூர் வளைவு யன்னல், சிவப்புச் செங்கல் சுவரின் மூலைகளில் மஞ்சள் செங்கல், கூரை ஓரத்தில் லேஸ் பின்னியதுபோல மரவேலை. விக்டோரியா ராணி காலத்து ஒன்ராறியோப் பண்ணைகளில் இந்த அமைப்பு பரவலாக இருந்தது. "நிறைய இருக்கிறது, ஆகவே பெறுமதியில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. மரபுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் 9/06 ஒழுங்குவிதியில் ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன: வடிவமைப்புக்கு மூன்று, வரலாற்றுக்கு மூன்று, சூழலுக்கு மூன்று. 2023இலிருந்து அவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் வீட்டை அறிவிக்கலாம். வடிவமைப்பில், அரிய வீடாக இருந்தாலும் சரி, ஒரு வகையை நன்றாகக் காட்டும் மாதிரி வீடாக இருந்தாலும் சரி, பொருந்தும். சொல்லப்போனால், அதே றோட்டில் இன்னும் நாலு வீடு நிற்பது, அந்த இடத்தின் தன்மையை இது தாங்குகிறது என்று சூழல் பக்கத்திலும் அவர்களுக்குத்தான் கைகொடுக்கும். உங்கள் வாயாலேயே அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அதனால், வீட்டுக்குப் பெறுமதியே இல்லை என்று நின்றால் நீங்கள் பெரும்பாலும் தோற்பீர்கள். என்னென்ன கூறுகளில் பெறுமதி இருக்கிறது என்ற பட்டியலில்தான் உங்களுக்கு வெல்ல இடமிருக்கிறது. துணைவிதியில் மரபுரிமைக் கூறுகள் என்று எழுதப்பட்டதை மாற்றத்தான் நகரசபையின் சம்மதம் வேண்டும். எழுதப்படாததைத் திருத்த சாதாரணக் கட்டட அனுமதி போதும். கடிதத்தோடு வந்த பட்டியலைப் பாருங்கள், "எல்லா யன்னல்களும்" என்று இருக்கிறது. ஆனால் கீழ்மாடி யன்னல்கள் நாலும் பிளாஸ்டிக் சட்டம் போட்டவை, விக்டோரியாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் தகரக்கூரைச் சமையலறையும் அப்படித்தான். அதே சட்டத்தின் 385/21 ஒழுங்குவிதியின்படி, ஒவ்வொரு கூறும் அந்தப் பெறுமதிக்கு எப்படி உதவுகிறது என்று துணைவிதி விளக்க வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: எவையெல்லாம் மரபுரிமைக் கூறு இல்லை என்றும் துணைவிதியில் எழுதலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். பின்சுவர், பின் சமையலறை, வீட்டின் உட்புறம் மூன்றும் அதில் வந்துவிட்டால், முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்னால் பெரிதாகக் கட்டிக்கொள்ளும் வழி திறந்துவிடும். அம்மா அப்பாவுக்குக் கீழே அறை, உங்களுக்கு மேலே, எல்லாம் வரும்.

ஒரு பொறியும் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட காணியில் எந்தக் கட்டடத்தை இடிக்கவும் சம்மதம் வேண்டும், பட்டியலில் இல்லாத பழைய கொட்டகைக்கும்கூட. ஆகவே 12 ஏக்கரையும் சேர்த்து எழுதாமல், வீடும் முன்முற்றமும் இருக்கும் துண்டுக்கு மட்டும் அறிவிப்பைச் சுருக்கும்படி கேளுங்கள். நிலஅளவையாளரின் வரைபடம் கையில் இருந்தால் இதைக் கேட்பது சுலபம்.

காலக்கெடு இறுக்கமானது. அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் ஆட்சேபம், காரணங்களோடு எழுத்தில், நகரசபைக் கிளார்க்கிடம் போய்ச் சேர வேண்டும். அதைப் பரிசீலிக்க நகரசபைக்கு, அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து 90 நாள் உண்டு. அறிவித்தலிலிருந்து 120 நாளுக்குள் துணைவிதி நிறைவேறாவிட்டால், நீட்டிப்புக்கு நீங்கள் சம்மதித்தால் தவிர, அறிவித்தல் காலாவதியாகிவிடும். நிறைவேறினால் இன்னொரு 30 நாளுக்குள் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். 2021க்கு முன்பு இப்படி ஒரு முறையீடு ஆலோசனையோடு முடிந்துவிடும், கடைசி வார்த்தை நகரசபையுடையது. இப்போது தீர்ப்பாயம் சொல்வது நகரசபையைக் கட்டுப்படுத்தும். அதனால்தான் இந்தக் கட்டத்தில் அதிகாரிகள் பட்டியலைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருப்பார்கள்.

சில நகரசபைகள் அறிவிக்கப்பட்ட வீடுகளுக்குச் சொத்துவரியில் 10 முதல் 40 சதவீதம் வரை திருப்பித் தருகின்றன, திருத்த வேலைக்கு மானியமும் சில இடங்களில் உண்டு. உங்கள் நகரசபையில் இவை இருக்கிறதா என்று அதே சந்திப்பிலேயே கேளுங்கள். அப்புறம், மரபுரிமை மதிப்பீட்டில் அனுபவமுள்ள கட்டடக்கலைஞர் ஒருவரை வைத்து இந்தக் கிழமையே வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சுவர் எந்தக் காலத்தது, எந்தக் கதவு பிறகு மாற்றியது என்று படங்களோடு அவர் எழுதித் தரும் அறிக்கையை உங்கள் ஆட்சேபத்தோடு இணைக்க வேண்டும். கடிதத்தின் மேல் இருக்கும் திகதியைப் பார்த்தால், அதற்கு உங்களிடம் மூன்று கிழமைதான் மிச்சம்.